கொட்டகையும் தெருவும்: வாசகர் கேள்வி – பதில்

நகரின் நடுவில் இருக்கும் பழைய திரையரங்குகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வணிக வளாகங்களாக மாறிவருவதைப் பற்றியும், சேலத்தில் அவற்றுள் ஒன்றையாவது அதன் தெருவோடு சேர்த்து ஒரு பண்பாட்டு வட்டாரமாகக் காப்பாற்ற வேண்டும் என்பதைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்த என் பேத்தி, அது ஏதோ பழைய சினிமாக் கொட்டகையின் வாசல் என்று நினைத்திருக்கிறாள். அங்கே என்ன நடந்தது, அது சென்னையில் அமையாமல் சேலத்தில் ஏன் அமைந்தது என்று அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
— அம்மாப்பேட்டை வாசகி

பதில்: அங்கே படம் காட்டவில்லை, படம் எடுத்தார்கள். பெயரைப் பார்த்தால் கொட்டகை என்றுதான் தோன்றும்; மிஞ்சியிருப்பதும் வாசல் மட்டும் என்பதால் உங்கள் பேத்தி அப்படி நினைத்ததில் வியப்பில்லை.

திருச்செங்கோட்டைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் 1907-இல் பிறந்த டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித்தொழில் படித்துவிட்டுத் திரும்பியவர். சேலத்தில் எஸ்.எஸ்.வேலாயுதம் பிள்ளையோடு சேர்ந்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தின் வழியாகப் படத்தொழிலில் இறங்கினார். பிறகு 1930-களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1931-இல் தமிழ் பேசும்படம் வந்ததற்குப் பின்னும் சில ஆண்டுகள் வரை நம் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் போய்த்தான் எடுக்கப்பட்டன. ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டுடியோ சென்னைக்கே 1934-இல்தான் வந்தது. ஆகவே, படம் என்றால் சென்னைதான் என்ற எண்ணம் அன்று இன்னும் உறுதிப்படவில்லை. கோவையிலும் ஸ்டுடியோ எழுந்தது, சேலத்திலும் எழுந்தது. ஊருக்கு வெளியே சத்தமில்லாத பரந்த நிலமும், காடு, அருவி, பாறை என்று எந்தக் காட்சிக்கும் கைகொடுக்கக்கூடிய சேர்வராயன் மலையும் பக்கத்திலேயே இருந்தன. வெளிப்புறக் காட்சிக்காக ஒரு குழுவை ஊர்விட்டு ஊர் கூட்டிக்கொண்டு போகும் செலவு எத்தகையது என்று தெரிந்தவர்களுக்கு, இந்த இடத்தின் அருமை உடனே விளங்கும்.

1937-இல் இந்த நிறுவனத்தின் முதல் படம் வந்தது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கே உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் சேலத்திலிருந்துதான் போனது என்பதைக் கேரளத்தில் சினிமா வரலாறு படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் என் கவலை. பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தமபுத்திரன்’ 1940-இல் வந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு கூட்டாக எடுத்த ஆங்கிலப் படம் 1952-இல் வெளியானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் கேவாகலர் என்ற வண்ணப்பட முறையில் வந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் 1961-இல் இதே நிறுவனத்தின் பெயரில் வந்தது.

எல்லோரும் ‘முதலாளி’ என்றே அழைத்த சுந்தரம், ஸ்டுடியோவை ஓர் ஆலையைப் போலக் கண்டிப்பான ஒழுங்கோடு நடத்தினார். இதில் சேலத்துக்குக் கிடைத்த பெரும் நன்மை என்னவென்றால், எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் இங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். மு.கருணாநிதி இங்கே மாதச் சம்பளத்துக்கு வசனம் எழுதினார். கண்ணதாசன் கதை இலாகாவில் இருந்தார். பாரதிதாசன் எழுதியிருக்கிறார், ஜி.ராமநாதன் இசையமைத்திருக்கிறார். சுந்தரம் 1963-இல் மறைந்த பின் அவர் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்களாக எடுத்து வெற்றி கண்டார். பிறகு ஸ்டுடியோ ஓய்ந்தது, நிலம் வீடுகளாயிற்று, வளைவு நிற்கிறது. உங்கள் பேத்தியை ஒருநாள் அங்கே அழைத்துப் போய், இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். வளைவு தானாக எதையும் சொல்லாது, பக்கத்தில் நின்று நாம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: திரையரங்கை மட்டும் காப்பாற்றினால் போதாது, தெருவையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிறீர்கள். கட்டடத்துக்கும் தெருவுக்கும் அப்படி என்ன உறவு?
— செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் விடையில் பாதி உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது.

நகரின் நடுக் கொட்டகை எதுவும் அக்கம்பக்கத்தாரை மட்டும் நம்பிக் கட்டப்பட்டதில்லை. லீ பஜாருக்குச் சரக்கு ஏற்றிவந்த வண்டிக்காரர், சந்தைக்கு வந்த குடியானவர், வாரக் கூலி கைக்கு வந்த அம்மாப்பேட்டைத் தறிக்காரர், கொலுசுப் பட்டறையில் நாளெல்லாம் ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருந்த வெள்ளித் தொழிலாளி, கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு குடும்பத்தோடு வந்தவர்கள் என்று வேறு வேறு வேலையாக நகரத்துக்கு வந்தவர்கள்தான் மாலையில் கொட்டகையை நிரப்பினார்கள். கோயில், கடைவீதி, பேருந்து நிலையம், கொட்டகை ஆகிய நான்கும் நடந்து போகும் தொலைவில் இருந்ததால்தான் அது முடிந்தது. கொட்டகையின் வருமானம் நுழைவுச் சீட்டில் இருந்தது என்றால், தெருவின் வருமானம் அந்தச் சீட்டை வாங்கியவரின் மடியில் மிஞ்சிய சில்லறையில் இருந்தது.

அந்தச் சில்லறையை நம்பி வாழ்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவர், சோடா கலர் போட்டுக் கொடுத்தவர், முறுக்கும் கடலையும் தட்டில் ஏந்தி இடைவேளைக்குக் காத்திருந்தவர், பாட்டுப் புத்தகம் விற்றவர், அந்தப் புத்தகத்தை அச்சடித்த சிறு அச்சகத்தார், வெளியூர்க்காரருக்கு அறை கொடுத்த லாட்ஜுக்காரர், இரண்டாம் ஆட்டம் விட்டு வருபவர்களுக்காக நள்ளிரவு தாண்டியும் கல்லைச் சூடாக வைத்திருந்த பரோட்டாக் கடைக்காரர். சேலத்துக்கே உரிய தட்டுவடை செட்டைச் சொல்லாமல் இந்த வரிசை முடியாது. மொறுமொறுவென்ற இரண்டு சிறிய தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்து, காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, அடுக்கடுக்காகக் கையில் வைக்கும் அந்தக் கடைகள் மாலைக் கூட்டத்தை நம்பியவை. நின்றுகொண்டே தின்றுவிட்டு, மணி அடிப்பதற்குள் உள்ளே ஓடுவதற்கு அதைவிடப் பொருத்தமான தீனி எனக்குத் தெரிந்து வேறில்லை.

பேனர் வரைந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பட நிறுவனத்திலிருந்து வரும் ஒரு சிறிய புகைப்படத்தின் மீது பென்சிலால் கட்டங்கள் போடுவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசையும் வெள்ளையும் பூசிக் காயவைத்த துணியின் மீது அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போடுவார்கள். ஒரு கட்டத்தில் இருப்பது அடுத்த கட்டத்தோடு சேருமா என்று கிட்ட நின்று பார்த்தால் தெரியாது. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, கன்னத்தில் ஒரு தீற்று ஊதாவையோ பச்சையையோ இழுப்பார்கள். அருகில் அபத்தமாகத் தெரியும் அந்த நிறம், முப்பது அடி தள்ளி நின்றால் நிழலாக மாறி முகத்துக்கு உயிர் கொடுத்துவிடும். கணினி அச்சுப் பேனர் வந்தபின் இந்தக் கைகளுக்கு வேலை இல்லாமற்போயிற்று. ஓர் ஊரின் ஓவியப் பள்ளி அரசு ஆணையால் மூடப்பட்டிருந்தால் கூக்குரல் எழுந்திருக்கும். இந்தப் பள்ளி எந்த ஆணையும் இல்லாமல் மூடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. தரை, பெஞ்சு, சேர் என்று கொட்டகைக்குள்ளும் மேல் கீழ் இருந்தது உண்மைதான். ஆயினும் அந்தப் பிரிவைக் கொடுத்த காசு தீர்மானித்ததே தவிர, பிறப்பு தீர்மானிக்கவில்லை. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலை இடம் சினிமாக் கொட்டகைதான் என்று ஈழத்து ஆய்வாளர் கா.சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருக்கிறார். கொட்டகையைக் காக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இருக்கும் காரணங்களில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

கேள்வி: பழைய திரையரங்குகளில் படம் ஓட்டும் அறை மட்டும் தனியாக, சின்னச் சின்ன ஓட்டைகளோடு சிறைபோல் கட்டப்பட்டிருப்பது ஏன்?
— ஆத்தூர், பள்ளி ஆசிரியர்

பதில்: நெருப்புக்குப் பயந்து. தொடக்க காலப் படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. அது தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதனால்தான் கேபினைக் கெட்டியான சுவரோடு கட்டி, கதவைத் தனியாக வெளிப்பக்கம் வைத்து, படம் போகும் துளைகளுக்கு மேலே இரும்புப் பலகைகளைத் தொங்கவிட்டார்கள். உள்ளே தீப்பிடித்தால் பலகை விழுந்து துளையை அடைத்துவிடும்; அரங்கில் இருப்பவர்கள் தப்பிவிடுவார்கள். 1950-களின் தொடக்கத்தில் எளிதில் தீப்பிடிக்காத ‘சேஃப்டி’ படச்சுருள் நைட்ரேட்டின் இடத்தைப் பிடித்தது, ஆனால் கேபின் கட்டும் முறை பழையபடியே நீடித்தது.

உங்கள் மாணவர்களுக்கு இன்னும் சில செய்திகள். 35 மில்லிமீட்டர் படம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் வரும். வெளிச்சம் பல்பிலிருந்து வரவில்லை; இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் தாவும்போது எழும் சுடரிலிருந்து வந்தது. குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும், திரை மங்கும். ஆபரேட்டர் கருப்புக் கண்ணாடி வழியே சுடரைப் பார்த்துக்கொண்டே குச்சியை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த மெஷினை ஓடவிடுவார். ஏழெட்டு நொடி கழித்து இரண்டாவது புள்ளி மின்னும், அப்போது மாற்றிவிடுவார். மாற்றம் நடந்ததே கீழே இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் பெருமை. டிஜிட்டல் வந்தபின் அந்தக் கைத்திறன் முழுதும் ஓய்ந்துவிட்டது. பழைய ஆபரேட்டர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், ஒரு மணி நேரம் அவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: சினிமா வருவதற்கு முன்னால் சேலத்தில் கலை இல்லையா? எல்லாவற்றையும் கொட்டகையிலிருந்தே தொடங்குகிறீர்களே.
— குகைப் பகுதி வாசகர், சேலம்

பதில்: நியாயமான கண்டனம். சினிமாக் கொட்டகை வருவதற்கு முன் நாடகக் கொட்டகை இருந்தது. அதற்கும் முன்பிருந்தே தெருக்கூத்து இருக்கிறது. தமிழகத்தின் பல ஊர்களில் நாடகம் நடந்த தகரக் கொட்டகையிலேயே பிறகு திரை கட்டிப் படம் ஓட்டினார்கள். பேசும்படத்தின் முதல் தலைமுறை நடிகர்கள் பெரும்பாலும் நாடகக் கம்பெனிகளில் சிறுவர்களாகச் சேர்ந்து பாட்டும் வசனமும் பழகியவர்கள். இந்த வரிசையைக் கட்டடத்தின் அமைப்பிலேயே பார்க்கலாம்: பழைய அரங்குகள் சிலவற்றில் வெண்திரைக்கு முன்னால் ஆழமான மேடை ஒன்று இருக்கும், படம் காட்டுவதற்கு அது தேவையே இல்லை.

சேலம் மாவட்டத்தின் சிற்றூர்களில் தெருக்கூத்தும் பொம்மலாட்டமும் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மரக்கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்த முடியையும் தோள் அணியையும் கட்டிக்கொண்டு, முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் முழங்க விடியவிடிய பாரதக் கதை ஆடும் கலைஞர்கள் நம் மாவட்டத்தின் செல்வம். ஆனால் அவர்கள் நகருக்குள் வந்து ஆடுவதற்கு இடம் எங்கே? கல்யாண மண்டபத்தின் வாடகை அவர்களுக்குக் கட்டுபடியாகாது. பழைய கொட்டகை ஒன்று காப்பாற்றப்பட்டால், மாதத்தில் ஓர் இரவு கூத்துக்கு என்று ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

குகைக்காரராகிய உங்களுக்கு வண்டி வேடிக்கையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி மாதத்தில் சேலத்தின் பேட்டை மாரியம்மன் கோயில்கள் எல்லாம் ஒருசேரத் திருவிழாக் கோலம் கொள்ளும்போது, குகையில் அலங்கரித்த வண்டிகளில் மனிதர்களே தேவர்களாகவும் புராணப் பாத்திரங்களாகவும் வேடமிட்டு அசையாமல் வீற்றிருக்க, அந்த வண்டிகள் மின்விளக்கு ஒளியில் வரிசையாகத் தெருவில் வரும். வண்டியின் மீது ஒரு கயிலாயமோ ஒரு போர்க்களமோ அட்டையாலும் துணியாலும் எழுப்பப்பட்டிருக்கும். பார்ப்பவர்கள் வீட்டுத் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் இடம்பிடித்துக் காத்திருப்பார்கள். ஒரு தெருவே அரங்கமாக மாறுவதற்கு இதைவிட நல்ல சான்றை நான் எந்த நாட்டிலும் தேடிப் போக மாட்டேன். பண்பாட்டு வட்டாரம் என்று நாம் கேட்பது வெளியிலிருந்து கொண்டுவரும் புதுச் சரக்கு அன்று. கோட்டை, சின்னக் கடைவீதி, திருமணிமுத்தாற்றங்கரை, செவ்வாய்ப்பேட்டை, குகை என்று ஏற்கெனவே இருப்பதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

கேள்வி: இப்படிப் பழைய அரங்கு ஒன்றை உண்மையிலேயே காப்பாற்றியவர்கள் எங்காவது உண்டா? அல்லது இதெல்லாம் வெறும் ஆசைதானா?
— ஏற்காடு வாசகர்

பதில்: உண்டு. தவறவிட்டவர்களும் உண்டு, அவர்களிடமும் கற்றுக்கொள்ளலாம்.

மதுரையில் 1952-இல் திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. ஆசியாவின் மிகப் பெரிய அரங்கு என்று மதுரைக்காரர்கள் பெருமைப்பட்டார்கள். இன்று அந்த இடத்தில் வணிகக் கட்டடம் நிற்கிறது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. ஆனாலும் அந்தச் சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே பெயர். சென்னை அண்ணா சாலையில் வார்விக் மேஜர் 1913-இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் விரைவிலேயே அஞ்சல் துறையிடம் போனது. இன்று அங்கே அஞ்சல்தலை மையம் இயங்குகிறது. படம் போயிற்று, கட்டடம் பிழைத்தது. ஏனென்றால் அதற்கு ஒரு வேலை இருந்தது.

மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ், 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தது, பின்னாளில் திரையரங்கானது. 1993-இல் மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் பாழ்பட்டுக் கிடந்தது. உரிமையாளரான கோண்டல் அரச குடும்பத்தார் அதை விற்காமல் வைத்திருந்து, கட்டடக்கலை வல்லுநரைக் கொண்டு பழைய ஓவியங்களையும் கண்ணாடிகளையும் மீட்டெடுத்து, 2016-இல் மீண்டும் திறந்தார்கள். பொறுமையுள்ள ஓர் உரிமையாளர் இருந்தால் எதுவரை போகலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் எல்லா ஊரிலும் அரச குடும்பம் கிடைக்காது.

ஆகையால் எனக்கு அதிகம் பயன்படும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரின் நடுவில் உள்ள பிளேஹவுஸ் ஸ்கொயர். அங்கே 1921, 1922 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அருகருகே ஐந்து அரங்குகள் எழுந்தன. தொலைக்காட்சி வந்தது, மக்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். 1960-களின் முடிவில் ஐந்தில் நான்கு மூடப்பட்டன. 1972-இல் அவற்றில் இரண்டை இடித்துவிட்டு வாகன நிறுத்தம் அமைக்கத் திட்டம் வந்தது. ரே ஷெப்பர்ட்சன் என்ற, பள்ளித் துறையில் வேலை பார்த்த ஒருவர் முன்னின்று ஆட்களைத் திரட்டி அதைத் தடுத்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு செய்திகள்.

முதலாவது, கோடிகள் சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பெரிய அரங்கு பழுதாகிக் கிடந்தபோதே, அதன் முகப்புக் கூடத்தில் நாற்காலி போட்டு ஒரு சிறிய இசை நாடகத்தை 1973-இல் தொடங்கினார்கள். சில வாரங்களுக்கென்று தொடங்கியது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிற்று. மக்கள் மறுபடி அந்தத் தெருவுக்கு வருவார்கள் என்பது நிரூபணமான பிறகே பணம் வந்தது. 1982, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் மூன்று அரங்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டாவது, அரங்குகளை நடத்தும் அந்த இலாப நோக்கற்ற அமைப்பு, சுற்றியுள்ள கட்டடங்களையும் படிப்படியாகத் தன் பொறுப்பில் கொண்டுவந்தது. அலுவலகங்களும் கடைகளும் தரும் வாடகை மேடைக்குத் துணை நிற்கிறது. அரங்கு கூட்டத்தைக் கொண்டுவருகிறது, கூட்டம் கடையை வளர்க்கிறது, கடை வாடகையில் ஒரு பங்கு அரங்கின் கூரையைப் பழுதுபார்க்கிறது. நம் ஊரில் கோயில்களுக்கு மானியக் கடைகள் விட்ட முன்னோர்கள் இந்தக் கணக்கை அறிந்தேதான் இருந்தார்கள்.

கேள்வி: செல்பேசியிலேயே படம் பார்க்கும் காலத்தில், நெரிசலான நகர நடுவில் பெரிய கொட்டகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டி நிறுத்தக்கூட இடமில்லை. உரிமையாளரின் கஷ்டத்தையும் நினைத்துப் பார்த்தீர்களா?
— அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: உரிமையாளரின் கஷ்டம் உண்மையானது. ஆயிரம் இருக்கைகள் உள்ள அரங்கில் நாற்பது பேர் உட்கார்ந்தால் மின்கட்டணம்கூடத் தேறாது. அவர் தொடர்ந்து நட்டப்பட்டு நமக்காகக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆகவேதான் முழுக் கொட்டகையையும் சினிமாவுக்கே வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. முகப்பையும் மேடையையும் மாடியையும் அப்படியே விட்டுவிட்டு, உட்புறத்தில் சிறிய திரை ஒன்றும் நிகழ்ச்சி அரங்கு ஒன்றும் அமைக்கலாம். தெருவைப் பார்த்த பகுதியைக் கடைகளுக்கு விடலாம்.

சட்டத்தில் வழி இருக்கிறதா என்று வேறு இருவரும் கேட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டு நினைவுச் சின்னச் சட்டம், குறைந்தது 100 ஆண்டு பழமையானவற்றைப் பற்றியது. நம் திரையரங்குகளில் பெரும்பாலானவை அதற்குள் வாரா. தமிழ்நாட்டுப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. நகரங்களில் உள்ள மரபுக் கட்டடங்களைக் கருதியே அது வந்தது என்பதால், அந்த வழியில் முயல்வதே பொருத்தம். ஆனால் பட்டியலில் சேர்ப்பதோடு வரிச்சலுகையும் பழுதுபார்ப்பதற்கு எளிய கடனும் உரிமையாளருக்குக் கிடைக்காவிட்டால், பட்டியல் அவருக்குக் கால்கட்டாகத்தான் தோன்றும்.

வண்டி நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னீர்கள். கிளீவ்லாந்தில் வாகன நிறுத்தத்துக்காகத்தான் அரங்கை இடிக்கப் பார்த்தார்கள். பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய ஓர் இடத்துக்கு எல்லோரும் சொந்த வண்டியில்தான் வர வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான சிறிய திரையரங்கு மூடிக் கிடக்கிறது. அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்து இடிக்க முடிவு செய்துவிட்டார்கள். என்னால் தடுக்க முடியாது. இடிப்பதற்கு முன் எதையாவது காப்பாற்றிவைக்க முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: முடியும், அம்மா. நிறையவே முடியும். ஆனால் தாமதிக்காதீர்கள், பழைய இரும்பு வாங்குபவர் வந்துபோன பின் ஒன்றும் மிஞ்சாது.

முதலில் பகல் வெளிச்சத்தில் ஒரு நல்ல கேமராக்காரரைக் கொண்டு முகப்பு, சீட்டுக் கொடுக்கும் துவாரம், படிக்கட்டு, கேபின், மேடை, சுவரில் இருக்கும் விலைப்பலகை என்று ஒவ்வொன்றையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். கட்டடக்கலை மாணவர்கள் சிலரை அழைத்தால் அளந்து வரைபடம் போட்டுத் தருவார்கள். நீள அகலம் இருந்தால் கட்டடம் போனபின்னும் அதைப் பற்றி ஆராய முடியும்.

அடுத்து காகிதங்கள். 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழங்கிய ‘சி’ படிவ உரிமம், அதோடு இணைந்த வரைபடம், கேளிக்கை வரிக் கணக்குப் புத்தகம், விநியோகஸ்தரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, அன்றாட வசூல் பேரேடு, மிஞ்சிய சீட்டுக் கட்டுகள் ஆகியவற்றைக் குப்பை என்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, மழை நாளில் எவ்வளவு கூட்டம், திருவிழா வாரத்தில் எவ்வளவு என்று ஊரின் வாழ்க்கையே அந்தப் பேரேட்டில் இருக்கும். இடைவேளையில் காட்டிய கண்ணாடி விளம்பர ஸ்லைடுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் சுற்றி, நிமிர்த்தி அடுக்கிவையுங்கள். உள்ளூர் ஜவுளிக்கடையும் பாத்திரக்கடையும் கொடுத்த அந்த விளம்பரங்கள் வேறெங்கும் கிடைக்கமாட்டா. சுவரொட்டிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத் தருவதைப் பற்றி யோசியுங்கள். பழைய தமிழ் அச்சுப் பொருள்களைப் பேணுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.

படச்சுருள் பெட்டி ஏதேனும் கிடந்தால் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். திறந்தவுடன் காடி நெடி வந்தால் அது ‘சேஃப்டி’ வகையான அசிடேட் படம் சிதையத் தொடங்கியதன் அறிகுறி. நைட்ரேட்டைப் போன்ற தீ அபாயம் இல்லை, ஆனால் நாள் கடத்தினால் சுருங்கி வீணாகும், பக்கத்தில் உள்ள பெட்டிகளையும் கெடுக்கும். ஓரத்தில் நைட்ரேட் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தாலோ, 1950-க்கு முற்பட்டது என்று தோன்றினாலோ, அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், எரித்துப் பார்க்கவே வேண்டாம். குளிர்ச்சியான காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துவிட்டு, புணேயில் 1964-இல் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். எந்தப் படம், எத்தனை பெட்டி, பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றையும் கடிதத்திலேயே குறிப்பிட்டு, படமும் எடுத்து அனுப்பினால் அவர்கள் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.